தடுப்புச் சுவரில் 42 துளைகள்

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளியில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். ஓராண்டுத் தகுதிகாண் காலத்தை முடித்து, இந்த ஜூன் மாதம்தான் நிரந்தரமாகியிருக்கிறேன். எங்கள் லயன் வீடுகளிலிருந்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இரண்டு தம்பிகள் இதே வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள். "என்ன அண்ணே, புல் வெட்டுவதும் குழாய் மாற்றுவதும்தானே?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். சேரும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்ததால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். கடைசிச் சான்றுக்காகப் போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தபோது அம்மா பதறிப்போனார். "நீ என்னப்பா செய்தாய்?" என்று அழாத குறை. பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம், உள்ளே விடுகிற ஆளைப் பற்றி விசாரிக்கத்தானே வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அமைதியானார். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இலங்கையோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. தேயிலைத் தோட்டத்தைத் தவிர வேறு இடத்தில் மாதச் சம்பளத்துக்குப் போகிற முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது.

நேர்முகத் தேர்வு மே மாதம் நடந்தது. அறைக்குள் அதிகம் கேட்கவில்லை. மேஸ்திரி என்னை வெளியே அழைத்து வந்து, "ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, என்ன சரியில்லை என்று சொல்" என்றார். உடைந்த கண்ணாடி, உரிந்த பெயிண்ட், ஆடும் கைப்பிடி என்று பதினைந்து குறைகளை எண்ணிக்கொண்டு வந்து சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தக் கூரையில் விழுகிற தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது என்று பார்த்தாயா, தம்பி?" என்றார். நான் பார்க்கவில்லை. ஆனாலும் வேலை கிடைத்தது. அன்று அவர் கேட்ட அந்தக் கேள்வியின் முழுப் பொருள் எனக்கு அக்டோபரில்தான் புரிந்தது.

முதல் மாதம் முழுக்கக் கூரைதான். சில்வர் ஓக் மரங்கள் கோடையில் கொட்டும் இலையும், கற்பூர மரம் உரித்துப் போடும் பட்டையும் கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் தகரக் கால்வாய்களில் நிரம்பிக் கிடக்கும். ஜூன் மழைக்கு முன் அவ்வளவையும் வாரியாக வேண்டும். ஏணி வைப்பதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். ஏணியின் தலை கூரை விளிம்புக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும். கீழே ஓர் ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஏறக் கூடாது, யார் அவசரப்படுத்தினாலும் சரி. தகரக் கூரையில் போல்ட் வரிசையைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். அதற்கடியில்தான் கூரையைத் தாங்கும் சட்டம் ஓடுகிறது. மங்களூர் ஓட்டின் மீது நேராக மிதிக்கவே கூடாது. ஏணியைப் படுக்க வைத்து, அதன்மேல்தான் நகர வேண்டும். குரங்குகள் நகர்த்திவிட்டுப் போன ஓடுகளைச் சரிசெய்ய வாரத்துக்கு இரண்டு முறையாவது ஏற வேண்டியிருந்தது.

குடிநீர்த் தொட்டி இரண்டாவது பாடம். இதில் எனக்கு நடுக்கமே இருந்தது, ஏனென்றால் இங்கே கை தவறினால் முந்நூறு பிள்ளைகளின் வயிற்றைத் தொடும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. எங்கள் தொட்டி 20,000 லிட்டர், எனவே 80 கிராம். கண்ணளவில் அள்ளிப் போடுகிற வேலை இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை காத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் விநியோகம். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைத் திரவத்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறம் வராவிட்டால் குளோரின் அங்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். இந்த மஞ்சளைத் தேதி போட்டு நோட்டில் எழுதும்போது மட்டும் என்னை அறியாமல் முதுகு நிமிர்ந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் விடுதிக்குள் தனியாகப் போகக் கூடாது. வார்டன் உடன் வர வேண்டும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மாதம் ஒரு முறை, மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் எர்த் லீக்கேஜ் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தி, மின்சாரம் துண்டிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சமையலறைக் கழிவை இருட்டுவதற்குள் பூட்டிய அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தோம், மறுநாள் காலையில் பார்த்தால் மளிகை அறைக் கதவின் கீழ்ப்பலகையைக் கரடி பிய்த்திருந்தது. எண்ணெய் வாசனைக்கு வந்திருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் காட்டுமாடு நின்றால் பிள்ளைகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, அது தானாகப் போகும்வரை நாமும் விலகி நிற்க வேண்டும். சாய்ந்து நிற்கிற சீகை (வாட்டில்) மரத்தை வெட்டிவிடலாமே என்று நான் அரிவாளை எடுத்தபோது மேஸ்திரி தடுத்தார். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது, நம் வளாகத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி, சுவருக்கு வருகிறேன்.

மைதானத்தின் கீழ்ப்பக்கம் ஒரு கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. 130 அடி நீளம், 11 அடி உயரம். அதற்குக் கீழேதான் வகுப்பறைகளிலிருந்து உணவுக்கூடத்துக்குப் போகும் பாதை. சுவரில் ஆறடிக்கு ஒன்றாக, மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் 42 துளைகள். செப்டம்பரில் விளையாட்டு விழா வந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை என்னிடம் வந்தது. கீழ்வரிசைத் துளைகளில் பாசி பிடித்து, செடி முளைத்து, இரண்டில் குளவி கூடு கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் கீழேயும் சுவரில் கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. அதன்மேல் வெள்ளையடித்தாலும் ஒரே வாரத்தில் கறை திரும்பிவிடும் என்று தோன்றியது. மிச்சம் இருந்த சிமென்ட்டைக் குழைத்துக் கீழ்வரிசையின் 21 துளைகளையும் அடைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. சுவர் பளிச்சென்று இருந்தது. விழாவுக்கு வந்த பெற்றோர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெரிய மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் கடைசியில் அது பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, மழைக்கோட்டோடு சுற்றி வந்த மேஸ்திரி சுவருக்கு எதிரே நின்றுவிட்டார். கூப்பிட்டார். போனேன். சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தது. பார்த்தவுடன் தெரிகிற அளவுக்கு இல்லை. ஓரத்தில் நின்று நீளவாக்கில் கண்ணை ஓட்டினால் தெரிந்தது. கல் இடுக்குகளில் புதிய வெடிப்பு ஒன்று படிக்கட்டைப் போல ஏறியிருந்தது. வெடிப்பிலிருந்து நீர் கசிந்தது.

"இந்தத் துளைகளை யார் அடைத்தது?"

"நான்தான் அண்ணே."

அவர் திட்டவில்லை. "முதலில் பாதையை மூடு" என்றார்.

கயிறு கட்டிக் கீழ்ப்பாதையை மூடினோம். பள்ளி முதல்வரிடம் மேஸ்திரியே போய்ச் சொன்னார். பிள்ளைகள் உணவுக்கூடத்துக்கு மேற்கு வாசல் வழியாகச் சுற்றிப் போனார்கள். அடுத்து மைதானத்துக்கு மேலே ஏறினோம். சுவரின் தலைப்பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பக்கவாட்டு ஓடைக்குத் திருப்ப நால்வர் சேர்ந்து மண்வெட்டியால் ஒரு வாய்க்கால் வெட்டினோம். மண்ணுக்குள் மேலும் நீர் இறங்காமல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தோம். அதன் பிறகுதான் உளியும் சுத்தியலும். நடுவில் தொடக் கூடாது, வெடிப்பு இல்லாத ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வர வேண்டும், துளைக்கு நேராக நிற்கக் கூடாது, பக்கத்தில் நின்று அடிக்க வேண்டும் என்றார். முதல் துளையில் நாலைந்து அடி அடித்ததும் நான் வைத்த சிமென்ட் அடைப்பு துப்பாக்கிக் குண்டு போல் வெளியே தெறித்தது. பின்னாலேயே கை தடிமனில் தண்ணீர் பீறிட்டது. செம்மண் கலங்கல்.

அன்று மாலைக்குள் 21 துளைகளையும் திறந்தோம். இரவு பத்து மணிவரை அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. குடையோடு அங்கேயே நின்றிருந்தேன். மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்று, அப்போதுதான் விளக்கினார். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கத்தான் கட்டப்படுகிறது, மண்ணோடு சேர்ந்து நிற்கிற தண்ணீரையும் தாங்க அல்ல. சுவருக்குப் பின்னால் சல்லி போட்டு, துளை வழியாக நீரை வெளியே விடுகிறார்கள். தெளிந்த நீர் வந்தால் சுவர் நன்றாக வேலை செய்கிறது. கலங்கல் வந்தால் பின்னால் மண் கரைகிறது, கவனிக்க வேண்டும். "கறை வந்தால் வரட்டும் தம்பி. அந்தக் கறை இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையிலும் மண்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது நான் சிறுவன். சாலைகள் அறுந்து, எங்கள் லயன் வீடுகளுக்கு மேலே இருந்த மண்மேடு இரவில் இறங்கி, பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவரோடு நின்றது. யாருக்கும் அடி இல்லை. அந்தச் சத்தம் தெரிந்த நானே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற பாதைக்கு மேலே தண்ணீரைக் கட்டி வைத்திருக்கிறேன். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த செய்தி மறுபடி மறுபடி நினைவுக்கு வந்தது.

மழை விட்டதும் பொறியாளர் வந்து பார்த்தார். வெடிப்பின் குறுக்கே மூன்று இடங்களில் மெல்லிய கண்ணாடித் துண்டுகளைச் சிமென்ட்டில் பதித்து, தேதி எழுதச் சொன்னார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அவற்றைத் தினமும் பார்த்துக் குறிப்பெழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூட உடையவில்லை. ஜனவரியில் வெடிப்பைக் கல்லும் கலவையும் கொண்டு அடைத்தார்கள். பாதையை மறுபடி திறந்தார்கள்.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றுதான் இருந்தேன். தகுதிகாண் மதிப்பீட்டில் இந்தச் சம்பவம் எழுதப்பட்டிருந்தது; மறைக்கவில்லை. அதற்குக் கீழே மேஸ்திரி, "கேட்டவுடன் ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தார். கேட்காமல் செய்தேன் என்பதும் அதே தாளில் இருந்தது. இரண்டும் சரிதான்.

பனிக்காலத்தில் மிலார் என்னும் செடிகளை வெட்டி வந்து, உறைபனி படாமல் பூச்செடிகளை மூடினோம். உறைபனி விழுந்த காலைகளில் புல்வெளியில் யாரையும் நடக்கவிடவில்லை. மிதித்த தடம் அப்படியே கருகிவிடும். பிப்ரவரியிலிருந்து ஊற்றுக் கிணறு வற்ற ஆரம்பித்தது. ஒழுகும் குழாய்களைத் தேடிப் பிடிப்பதிலேயே ஏப்ரல்வரை போனது.

நிரந்தர ஆணை வந்த அன்று மாலையே மழை பிடித்தது. டார்ச் விளக்கோடு சுவருக்குப் போய் எண்ணினேன். 41 துளைகளில் கசிவு இருந்தது, எல்லாம் தெளிந்த நீர். கீழ்வரிசையில் இடமிருந்து 17-ஆவது துளை மட்டும் காய்ந்திருந்தது. கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. மேலே நிற்கும் சைப்ரஸ் மரத்தின் வேர் இறங்கியிருக்குமோ என்று சந்தேகம். நோட்டில் எழுதி வைத்துவிட்டு, கம்பியை அப்படியே துளையில் விட்டுவிட்டு, மேஸ்திரியைக் கூப்பிடப் போனேன்.