அகழியில் முதலை இல்லை, இப்படிக்கு டீச்சர்

குடியாத்தம் பக்கத்தில் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. பெரிய டீச்சரிடம் நாலும் அஞ்சும், என்னிடம் ஒன்று முதல் மூன்று வரை. மொத்தம் 41 பிள்ளைகள். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். மற்றவர்கள் கைலித் தறி, தீப்பெட்டி கம்பெனி, ஷூ கம்பெனி. ஷூ கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே வந்து அம்மாக்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அவர்கள் திரும்பி இறங்கும்போது நான் வீட்டில் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும்தான்.

அதனால்தான் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று தினமும் நாலு வரி போடுவதாக ஏற்பாடு. முதல் நாள் ரொம்ப யோசித்து, "அன்புடையீர், வணக்கம்" என்று தொடங்கி எழுதினேன். ஐந்தாவது நிமிடம் ஒரு அப்பா கேட்டார்: "யாருக்கு டீச்சர் கல்யாணம்?"

சரி, எழுதுவது சரிப்படாது என்று குரல் பதிவுக்கு மாறினேன். அது எடுபட்டது. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை ஒழியாது. மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும், விரலில் நூல். போனைப் பக்கத்தில் வைத்து சத்தமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இதில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்று. திண்ணையில் ஒரு போன் பேசினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும்.

ஒரு நாள், "மூணாம் வகுப்புல ஒரு பையனுக்குத் தலையில பேன் இருக்கு, வீட்ல கொஞ்சம் பாருங்க" என்று நாகரிகமாகப் பெயர் சொல்லாமல் பேசிப் போட்டேன். மூணாம் வகுப்பில் இருப்பதே 3 பையன்கள். மறுநாள் காலையில் இரண்டு பேர் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். பேன் இருந்தவன் மட்டும் எண்ணெய் தடவி வகிடு எடுத்து, மொட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "எங்க புள்ளைக்கு இருக்காது டீச்சர், நான் தினம் பாக்கறேன்" என்று அவன் அம்மா நம்பிக்கையாகச் சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கல், வீட்டில் இருப்பது ஒரு போன். அது அப்பாவிடம் இருக்கும். அப்பா ஊரில் இருக்க மாட்டார். "நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு உருளைக்கிழங்கு கொண்டு வரணும்" என்று ஒரு சாயங்காலம் சொன்னேன். கிழங்கைப் பாதியாக நறுக்கி, பூ மாதிரி செதுக்கி, சாயத்தில் தோய்த்து அச்சு வைக்கும் பாடம். அது கோலார் பக்கம் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு டிரைவர் அப்பாவின் காதில் போய் விழுந்தது. ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன். "இன்னா டீச்சர், சத்துணவுக்குக் காய் வரலியா? புள்ளைங்க வெறுஞ்சோறா துன்னுதுங்க?" நான் விளக்குவதற்குள் லைன் போய்விட்டது. விடிந்ததும் பள்ளிக்கூட வாசலில் மினி லாரி நின்றது. அரை மூட்டை உருளைக்கிழங்கு இறங்கியது. அன்று பிள்ளைகள் ஆளுக்கு நாலு பூ அச்சு வைத்தார்கள். சமையலம்மா மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாட்டி வெங்காயம்னு சொல்லுங்க டீச்சர்" என்று என் காதோடு சொன்னார்.

இத்தனை செய்தும் குழுவில் எனக்குக் கிடைப்பது ஒரு கட்டை விரல் படம். குடற்புழு மாத்திரை நாள் என்றாலும் கட்டை விரல், நாளை விடுமுறை என்றாலும் கட்டை விரல். ஊருக்குள் உண்மையான செய்தி வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வகுப்பில் ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டி இருக்கிறாள். மணி அடித்ததும் தெருமுனையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு திண்ணையிலும் நின்று அன்றைய செய்திகளை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்தது. திங்கள் என்றால் உப்புமா, புதன் என்றால் பொங்கல். பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் ஆசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். நானும் கிண்ணத்தில் கொஞ்சம் வாங்கி வாயில் போட்டேன். நிருபர் பார்த்துவிட்டாள். அன்று மாலைச் செய்தி: "டீச்சரு வூட்ல அடுப்பே பத்த வெக்கல. நம்ம உப்மாவத்தான் துன்னாங்க."

மறுநாள் என் மேசையில் மூன்று தூக்குவாளி. ஒன்றில் தோசை, ஒன்றில் கருவாட்டுக் குழம்பு. மூன்றாவதைக் கொண்டு வந்த அம்மா தணிந்த குரலில், "வூட்டுக்காரர் கூட எதுனா சண்டையா டீச்சர்?" என்றது. கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் வேலூர்க் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிப்போகலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவானது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. எல்லாரும் முறத்தோடு வந்து உட்கார்வார்கள். கூட்டம் முடியும்போது தீர்மானமும் இருக்கும், கட்டுக் கட்டாகப் பீடியும் இருக்கும்.

போவதற்கு முன் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லி வைத்தேன். விஜயநகர காலத்துக் கோட்டை. 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்தார்கள். வடக்கே 1857 வருவதற்கு 51 வருஷம் முன்னால் நம்ம வேலூரில்தான் அது நடந்தது என்றெல்லாம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். தூங்கிவிடுவார்களே என்று, சுற்றி இருக்கிற அகழியைப் பற்றி ஆரம்பித்தேன். "அந்தக் காலத்துல எதிரி நீந்தி வராம இருக்க இந்தத் தண்ணியில முதலை விட்டிருந்ததா சொல்லுவாங்க" என்றேன். கொட்டாவி நின்றது. ரெட்டைச் சடை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கேட்டருகே ஒரு ஆயா. கையில் ஊன்றுகோல், இடுப்பில் சுருக்குப் பை.

"இன்னாம்மா டீச்சரு, கொயந்தைங்கள முதல கீற எடத்துக்கு இட்டுகினு போறியாமே?"

"அதெல்லாம் அந்தக் காலம் ஆயா. இப்போ இல்ல."

"நீ போய்ப் பாத்தியா?"

"நான் நிறைய தடவை போயிருக்கேன் ஆயா."

"தண்ணிக்குள்ள எறங்கிப் பாத்தியா?"

இதற்கு எந்தப் பயிற்சியிலும் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை.

ஆயா விடவில்லை. "நான் வாக்கப்பட்டு வந்தப்போ அந்தக் கோட்டைக் கோயில்ல சாமியே கெடையாது, தெரியுமா உனக்கு? வெறும் கோயிலு." அது உண்மைதான். ஜலகண்டேசுவரர் கோயில் ரொம்பக் காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். "சாமி இல்லாத கோயிலுக்கே சாமி திரும்பி வந்துச்சு. முதல வராதா?"

பெரிய டீச்சர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், சிரிப்பை மறைக்க வருகைப் பதிவேட்டை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் நாலு பெற்றோர் பேர் கொடுத்ததை வாபஸ் வாங்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் குழுவில் முறைப்படி அறிவிப்புப் போட்டேன். குரல் பதிவு வேண்டாம், இது எழுத்தில் இருக்கட்டும் என்று தட்டினேன்: "வேலூர்க் கோட்டை அகழியில் தற்போது முதலை இல்லை. பெற்றோர் அச்சப்பட வேண்டாம். இப்படிக்கு, வகுப்பு ஆசிரியை."

அதுவரை விஷயம் தெரியாமல் இருந்த வீடுகளுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. முதல் தடவையாகக் குழுவில் கட்டை விரல் வராமல் கேள்வி வந்தது.

"தற்போது இல்லன்னா, எப்போ வரும் டீச்சர்?"

"முன்னாடி இருந்தது எங்க போச்சு?"

"பஸ்ஸு ஜன்னலுக்குக் கம்பி கீதா?"

கோலாரிலிருந்து டிரைவர் அப்பா: "டீச்சர் நான் வண்டி எடுத்துகினு வரவா?"

கடைசியில் ஒரு சமரசம். ஊர் சார்பாக ஒருத்தர் கூட வந்து நேரில் பார்த்துவிட்டுச் சொல்வது. யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஒப்புதல் சீட்டுகள் திரும்பி வந்தன. அதில் இரண்டு அப்பாக்களின் கையெழுத்து அச்சு அசலாக மூணாம் வகுப்புக் கையெழுத்தாக இருந்தது, ஒருவர் 'அப்பா' என்றே கையெழுத்துப் போட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்தது, அது இங்கே வேண்டாம்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் மூன்று பேர் வாந்தி. ஆயா சுருக்குப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து முகர வைத்தார். கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளிகளைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். யாளியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்க வரிசை கட்டியவர்களை இழுத்து வர எனக்கு அரைமணி நேரம் ஆனது.

அகழிக் கரைக்கு வந்ததும் ஆயா எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்துவிட்டு, ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். தண்ணீரையே பார்த்தார். பங்குனி வெயில், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கருங்கல் சுவர் அனலடித்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் ஒரு பழைய மரக்கட்டை பாதி மூழ்கி மிதந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா ஆயா? ஒன்னும் இல்ல."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. முகம் தொங்கிப்போனது. இவ்வளவு தூரம் வந்து முதலை இல்லாமல் திரும்புவதில் அவருக்குத்தான் எல்லாரையும்விட வருத்தம் என்று தோன்றியது. எனக்கே பாவமாகப் போய், வெளியே வந்ததும் ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

ராத்திரி ஏழரைக்கு எல்லாப் பிள்ளைகளையும் வீடு சேர்த்துவிட்டு, களைப்போடு குழுவில் பேசிப் போட்டேன்: "41 பேரும் பத்திரமா வந்துட்டோம். அகழி, கோயில், மியூசியம் எல்லாம் பாத்தோம். முதலை இல்லவே இல்ல. ஆயாவே நேர்ல பாத்துட்டாங்க." வரிசையாகக் கட்டை விரல்கள். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் ஊருக்குள் நுழைந்தால், திண்ணையில் முறத்தோடு இருந்த அம்மாக்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பேன் பையனின் அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

"இருந்தாலும் நீங்க எங்ககிட்ட மறைச்சிருக்கக் கூடாது டீச்சர்."

"எதை?"

"ஆயா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. அசையாம கெடந்துச்சாமே, இம்மாம் பெருசு. அது முதுகு மேல ஒரு காக்கா தைரியமா குந்திகினு இருந்துச்சாம்."