பிள்ளையின் தோளுக்கு ஏற்ற ஏர் ரைஃபிள்

"பையனுக்கு ஒரு ஏர் ரைஃபிள் வேணும்" என்று கடையில் கேட்டால், முதலில் வேகத்தைத்தான் சொல்வார்கள். இத்தனை அடி வேகம், இத்தனை மீட்டர் போகும் என்று. குறி பார்த்துச் சுடக் கற்கும் பிள்ளைக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் சுட்டாரே, அந்த 10 மீட்டர் பிரிவின் மேட்ச் ரைஃபிள் (போட்டித் துப்பாக்கி) 0.53 கிராம் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் தள்ளுகிறது. ஆற்றல் எட்டு ஜூலுக்கும் குறைவு. இலக்குக் காகிதத்தில் ஓட்டை விழ அது தாராளம்.

அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துப் புள்ளிக்கான நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பேனா முனை பட்ட அளவு. அங்கிருந்து ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், முன் சைட் வெறும் 0.1 மி.மீ. விலகினாலே பத்து மீட்டரில் குண்டு 1.3 மி.மீ. தள்ளி விழும். பாதி வளையம் போச்சு. ஆகவே துப்பாக்கி எவ்வளவு வேகமாகச் சுடுகிறது என்பதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அது பிள்ளையின் உடம்பில் ஒரே இடத்தில், ஒரே மாதிரி உட்காருகிறதா என்று பாருங்கள்.

முதல் மூன்று மாதம் எதையும் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளப் ரைஃபிளில் சுடட்டும். அதற்குள் பிள்ளைக்கு எந்தக் கண் ஆளும் கண், அதாவது குறி பார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், என்பது தெளிவாகிவிடும். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் ஒரு சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் இடைவெளியிலேயே நிற்கிறதோ, அதுதான் ஆளும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆளும் கண்ணாக இருப்பது அபூர்வம் இல்லை. மேட்ச் ரைஃபிளின் பிடியும் கன்னக்கட்டையும் வலது, இடது என்று தனித்தனியாகச் செதுக்கப்பட்டவை. இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டால் பிறகு கட்டையையே (துப்பாக்கியைத் தாங்கும், தோளில் பதியும் பகுதி) மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது நீளம். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. ட்ரிக்கரிலிருந்து பட் பிளேட் (தோளில் பதியும் பின்தகடு) வரைக்குமான தூரம் பெரியவர்களின் சாதாரண ஏர் ரைஃபிளில் 35 செ.மீ. அளவில் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு 28 முதல் 31 வரை போதும். கடையிலேயே சோதிக்கலாம்: பிள்ளையின் முழங்கையை மடித்து, பட் பிளேட்டை அந்த மடிப்பில் வைத்து, பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை ட்ரிக்கரில் இயல்பாக விழ வேண்டும். விரல் எட்டிப் பிடித்தால் கட்டை நீளம். இது தோராயம்தான், நிற்கவைத்து, தோளில் வைத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். நீளமான கட்டை கிடைத்த பிள்ளை முகத்தை முன்னால் நீட்டும், கன்னம் கட்டையில் படாது, இடுப்பிலிருந்து பின்னால் வளையும். நின்று சுடும்போது கொஞ்சம் பின்சாய்வு எல்லோருக்கும் உண்டு. இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றுவதற்கு அது வேண்டும். ஆனால் துப்பாக்கியின் நீளத்தைச் சமாளிக்க வளைவது வேறு. வளரும் முதுகுக்கு அது கெடுதல்.

பிள்ளை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும் என்பதால் பட் பிளேட்டை நகர்த்தக்கூடிய, அல்லது இடையில் ஸ்பேசர் (இடைத்துண்டு) போடக்கூடிய கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கன்னக்கட்டை மேலே கீழே நகர்ந்தால் இன்னும் நல்லது. சில அப்பாக்கள் பழைய மரக்கட்டையை அறுத்துக் குட்டையாக்கி, அறுத்த துண்டுகளை பத்திரமாக வைத்திருந்து, வளர வளரத் திருகு போட்டுத் திரும்பச் சேர்க்கிறார்கள். அருமையான வேலை அது. விலை உயர்ந்த ஜூனியர் கட்டை கிடைக்காத ஊரில் அதுவே போதும்.

போட்டியில் துப்பாக்கி எடைக்கு உச்ச வரம்பு 5.5 கிலோ, பெரியவர்களே பலர் அதற்குக் கீழேதான் சுடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு மூன்று கிலோவைச் சுற்றி இருந்தால் நிம்மதி. மொத்த எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பேரல் பக்கம் கனத்தால் இடது கை இழுபடும், தசையால் தூக்கிப் பிடிக்கத் தொடங்கும், பத்தாவது குண்டில் நடுக்கம் வந்துவிடும். எடை இடது கைக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். பத்து வயதுக்குக் கீழே என்றால் நின்று தூக்கிச் சுடவே வேண்டாம். மேசையில் தாங்கு வைத்துச் சுடட்டும். சைட், மூச்சு, ட்ரிக்கர் மூன்றையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

இப்போது ஸ்பிரிங் விசையில் சுடுவதா, சிலிண்டரில் அடைத்த காற்றில் சுடுவதா என்ற கேள்வி. நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது பேரலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கி. விலை குறைவு, பம்ப் வேண்டாம், பழுது பார்க்க எளிது. ஆனால் ட்ரிக்கரை அழுத்தியதும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் எகிறுகிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியே வருமுன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். பிடி கொஞ்சம் இறுகினால் ஒரு இடம், தளர்ந்தால் வேறு இடம். பிள்ளை சரியாகச் சுட்டும் ஏழில் விழும், தப்பாகச் சுட்டும் பத்தில் விழும். எது தன் தவறு, எது துப்பாக்கியின் தவறு என்று அதற்குத் தெரியாது. கற்பவருக்கு இதைவிடப் பெரிய தடை கிடையாது. வசதி இல்லையென்றால் ஸ்பிரிங்கிலேயே ஆரம்பிக்கலாம், தவறில்லை. ஆனால் இருப்பதிலேயே பவர் குறைந்ததை எடுங்கள். ஏற்றுவதைப் பெரியவர் செய்ய வேண்டும். பெல்லட் வைக்கும்போது பேரலை இன்னொரு கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பிடி நழுவி பேரல் டப்பென்று மூடினால் விரல் நசுங்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் மோதி, சீலும் ஸ்பிரிங்கும் கெட்டுப்போகும்.

சிலிண்டர் ரைஃபிளில் உதைப்பு ஏறக்குறைய இல்லை, பிள்ளையே ஏற்றலாம், மேட்ச் ரகங்களில் காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிக்கர் பழகும் வசதியும் உண்டு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் ஆகிய துப்பாக்கி நிறுவனங்கள் எல்லாம் ஜூனியர் ரகம் தருகின்றன. புதிதாக வாங்கினால் லட்சக் கணக்கில் போகும். அதனால் பலரும் பழையதைத் தேடுகிறார்கள். அப்படி வாங்கும்போது துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் தயாரித்த மாதமும் வருடமும் பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் பொதுவாக 10 வருஷம். அதைத் தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். 200 பார் அழுத்தத்தில் இருக்கும் உலோகக் குழாய் அது, பிள்ளையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். காற்றை நிரப்பி, அழுத்த மீட்டரைக் குறித்துக்கொண்டு மறுநாள் பாருங்கள்; முள் இறங்கியிருந்தால் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிகிறது. பிறகு மணல் மூட்டையில் அசையாமல் வைத்து ஐந்து குண்டு சுடுங்கள். நல்ல மேட்ச் பேரலில் ஐந்தும் ஒரே ஓட்டையாகச் சேர்ந்து, வெளி விளிம்பு ஏழு மி.மீ.க்குள் அடங்கும்.

நிரப்புவது ஸ்கூபா டேங்க்கிலிருந்தோ கைப்பம்பிலோ இருக்கலாம். கைப்பம்பு சூடாகும், ஈரத்தை உள்ளே தள்ளும். ஐந்து நிமிஷம் அடித்தால் அதே அளவு ஆறவிடுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒருபோதும் இணைக்கக் கூடாது, வெடிக்கும். வால்வு பக்கம் சாதாரண எண்ணெயும் கூடாது. சிலிக்கோன் கிரீஸ் மட்டும்.

ட்ரிக்கரைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். மலிவான துப்பாக்கியில் ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் கேட்கும். மூன்று கிலோ ரைஃபிளில் இரண்டு கிலோ அழுத்தினால் அழுத்துவதே குறியைக் கலைத்துவிடும். மேட்ச் ட்ரிக்கர் 100 கிராமுக்கும் கீழே போகும். ஆரம்பத்தில் அது அதீதம், நினைக்குமுன் வெடித்துவிடும். 200 கிராமில் வைத்து, ட்ரிக்கரின் லேசான முதல் கட்டம் முடிந்து, கனக்கும் இரண்டாம் கட்டத்தின் சுவரில் விரல் நிற்பதை உணரப் பழக்குங்கள்.

டெலஸ்கோப் வேண்டாம், 10 மீட்டர் போட்டியில் அனுமதி இல்லை. சின்னத் துளை வழியே பார்க்கும் பீப் சைட் போதும். முன் சைட்டின் வளையத்தைச் சின்னதாக வைத்தால் துல்லியம் வரும் என்று நினைப்பது தவறு. அதற்குள் இலக்கின் கருவட்டத்தைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரிய வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பதற்றப்பட்டு இழுத்துவிடும்.

பெல்லட் தட்டை முனை, 4.5 மி.மீ. மட்டும். கூர்முனை காகிதத்தைக் கிழிக்கும், வளையம் எண்ண முடியாது. இரும்பு உருண்டை சுவரில் பட்டுத் திரும்பும். பெல்லட் ஈயம், ஆகவே சுடும்போது தின்பண்டம் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டையும் பில்லில் எழுதி வாங்கி, பெட்டியிலேயே பில்லை வையுங்கள். மொட்டைமாடியில் சுடவிடாதீர்கள்.

கூடவே பேரல் நீளத்துக்குச் சற்றே அதிகமான, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு நைலான் கயிறு வாங்குங்கள். புல் வெட்டும் மெஷினுக்குப் போடும் கயிறே போதும். சுடாத நேரமெல்லாம் அது பேரலின் இரு முனையிலும் தெரியும்படி உள்ளே கிடக்க வேண்டும். போட்டிகளிலும் இது கட்டாயம். கயிறு தெரிந்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே உள்ளே பெல்லட் இல்லை என்று தெரிந்துவிடும்.