ஓப்ரா டின் கப்பல்: 60 பேரில் 45 பேர் வரை

மூன்று வாரமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ ஆடிக்கொண்டிருக்கிறேன். லூகாஸ் போப் என்பவர் படம், இசை, கதை என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்து 2018 அக்டோபரில் வெளியிட்ட துப்பறியும் வீடியோ கேம் இது. கதையில் வரும் கப்பலில் இருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும்; நேற்றிரவோடு 45 பேர் முடிந்தார்கள். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், சில விடைகளைச் சொல்லிவிடுவேன்.

காலம் 1807. லண்டனிலிருந்து 1802இல் கிளம்பிக் காணாமல் போன ஒரு வணிகக் கப்பல், ஆள் யாரும் இல்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குத் திரும்பி வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு புத்தகம், ஒரு பாக்கெட் கடிகாரம். பிணத்தருகே கடிகாரத்தைத் திறந்தால், அந்த ஆளின் கடைசி சில நொடிப் பேச்சு இருட்டில் கேட்கும். அப்புறம் சாவு நடந்த அந்தக் கணம் அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். கப்பலில் இருந்த 60 பேரில் ஒவ்வொருவரும் யார், இறந்தாரா தப்பினாரா, இறந்தவர் என்றால் எப்படி, யார் கையால் என்று புத்தகத்தில் நிரப்ப வேண்டும்.

முதல் மூன்று பேர் கிடைத்த இரவு நன்றாக நினைவிருக்கிறது. கதவைத் தட்டுபவர்கள் கூப்பிடுவதை வைத்துக் கேப்டன் யார் என்று உடனே தெரிந்துவிடுகிறது. பிறகு அவர், இறந்து கிடக்கும் மனைவியிடம், உன் தம்பியைச் சுட்டுவிட்டேன் என்ற பொருளில் பேசுகிறார். அது அண்ணனா தம்பியா என்று ஆங்கிலத்தில் தெரியாது, ஆனால் உடன்பிறந்தவன் என்பது போதும். புத்தகத்தில் இருக்கும் ஆள் பட்டியலைப் புரட்டினால் அந்த அம்மாள் பெயர் அபிகெயில் ஹாஸ்கட் விட்டெரல். முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரியின் பெயர் வில்லியம் ஹாஸ்கட். பிறந்த வீட்டுப் பெயர் ஒன்றை வைத்தே ஓர் ஆளைப் பிடித்துவிட்டேன் என்று தெரிந்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

நாம் நிரப்பியது சரியா தவறா என்று விளையாட்டு ஒவ்வொருவராகச் சொல்லாது. மூன்று பேரின் விவரம் முழுதும் சரியாக இருந்தால்தான் அந்த மூன்றையும் அச்செழுத்தாக்கி உறுதி செய்யும். இந்த விளையாட்டின் உயிரே அதுதான் என்று நினைக்கிறேன். இருவரை உறுதியாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, மூன்றாவது இடத்தில் பெயர்களை மாற்றி மாற்றிப் போட்டும் முன்னேறலாம். இரண்டாவது வாரம் அப்படித்தான் 9 பேரைத் தள்ளினேன். அந்த ஒன்பது பேரில் ஒருவர் முகம்கூட இப்போது நினைவில் இல்லை. குருட்டாம்போக்கில் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்து, ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, காரணம் எழுதிய பிறகே பெயர் போடுவது என்று வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பெரிய தடை உச்சரிப்பு. பேசுபவர் ஸ்காட்லாந்துக்காரரா, அயர்லாந்துக்காரரா என்று பேச்சைக் கேட்டுப் பிரிக்க என் காது பழகவில்லை. ஆள் பட்டியலில் ஊர் இருந்தும் எனக்கு அது பாதிதான் உதவியது. அதனால் கண்ணையே நம்ப வேண்டியதாயிற்று: யார் எந்த உடை, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், சண்டை வந்தால் யார் யாரைக் காக்க ஓடுகிறார்.

இதில் அம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. படம் முழுக்க இரண்டே நிறம், புள்ளி புள்ளியாக இருக்கும். “பழைய பேப்பர்ல போட்ட போட்டோ மாதிரி இருக்கு” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், ஓர் ஆளைக் காட்டி, “இவன் எந்தப் படத்துல பாத்தாலும் அந்த ஆபீசர் பக்கத்துலயே நிக்கிறான் பாரு. அவருக்குக் கையாளா இருப்பான்” என்றார். கேப்டனுக்கும் நான்கு மேட்டுகளுக்கும் தனித்தனியாக ஸ்டூவர்ட் என்ற பணியாள் உண்டு என்று பட்டியலில் படித்திருந்தும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா சொன்னதை நோட்டில் எழுதி, இன்னும் மூன்று காட்சிகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்று ஒரே இரவில் 6 பேர்.

ஒரு காட்சியை மறுபடி பார்க்க, கப்பலில் அந்தப் பிணம் இருக்கும் இடத்துக்கு நடந்தே போக வேண்டும். முதலில் இது நேரவிரயமாகத் தெரிந்தது. ஆனால் அந்த நடையில்தான் பல முடிச்சுகள் அவிழ்ந்தன, இப்போது அதை மாற்றச் சொல்லமாட்டேன். புத்தகத்தில் ஒருவரின் முகப்படம் மங்கலாக இருந்தால் அந்த ஆளை அடையாளம் காணப் போதிய தடயம் இன்னும் நம் கையில் வரவில்லை என்று பொருள். அவர்களை விட்டுவிட்டுத் தெளிந்த முகங்களோடு மட்டும் மல்லுக்கட்டுவது நல்லது.

பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே ‘இந்தியா’ என்று இருக்கிறது. சாலமன் சையது, ரென்ஃப்ரெட் ரஜப் இருவரும் மாலுமிகள். கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த நம்மவர்களை லஸ்கர்கள் என்பார்கள். இந்த இருவரும் பயணத்தின் தொடக்கத்திலேயே நோயில் போய்விடுகிறார்கள். கத்தியும் துப்பாக்கியுமாக நகரும் கதையில் அந்தப் பக்கத்தை நிரப்பும்போதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. ஊருக்குச் செய்தி போய்ச் சேர எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று யோசித்தபடி அன்று அதோடு மூடி வைத்துவிட்டேன்.

இப்போது சிக்கியிருப்பது நான்கு சீன மாலுமிகளிடம். பாய்மரத்தில் ஏறி வேலை செய்பவர்கள். நால்வருமே ஒரே நாடு, ஒரே வேலை. கீழ்த்தளத்தில் மாலுமிகள் தூங்கும் தூளிகள் வரிசையாகத் தொங்குகின்றன. நேற்று ஒன்றன் அருகே போய் நின்றபோது அதில் ஓர் எண் கட்டியிருந்தது கண்ணில் பட்டது. ஆள் பட்டியலிலும் பெயருக்கு முன்னால் எண் இருக்கிறதே! இத்தனை நாள் அந்தத் தளத்தில் நடந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. தூளிக்குள் முகம் தெரியாது, வெளியே நீட்டியிருக்கும் காலும் அதில் மாட்டியிருப்பதும்தான் தெரியும். அப்படியானால் அதே காலணியோடு முகமும் தெரியும் வேறொரு காட்சி வேண்டும்.

இரண்டு பேரை அப்படிப் பிடித்துவிட்டேன். மிச்சம் இருவர். பெயர்களை இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை போட்டால் முடிந்துவிடும். போடவில்லை. நோட்டில் இரண்டு ஜோடிக் கால்களை வரைந்து வைத்திருக்கிறேன். இன்று இரவு மேல்தளத்துக் காட்சிகளில் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். அம்மாவும் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.