எக்ஸ்ரே எடுக்கப் போகும் முன்

போன கிழமை கல்லடியிலிருந்து மாமியை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலியைக் கழற்றிவிட்டோம், ஆனால் சட்டைக்குள் கறுப்பு நூலில் கிடந்த அட்சரக்கூட்டை, அதுதான் உலோகத் தாயத்தை, இருவருமே மறந்துவிட்டோம், படத்தில் அது நுரையீரலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளையாக நின்றது, அதனால் இரண்டாம் முறையும் எடுக்க வேண்டியதாயிற்று. உலோகம் கதிரை மறைத்துவிடும். ஊசி, கொக்கி எல்லாம் அப்படித்தான். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றால் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும், அரைகுறையாக இழுத்தால் நுரையீரல் விரியாது, அசைந்தால் படம் கலங்கிவிடும்.

"கதிர் உடம்புக்குள்ளேயே கிடக்குமா மகன்?" என்று மாமி கேட்டா. கிடக்காது. ஒரு நெஞ்சுப் படத்துக்கு உடம்பில் படும் கதிர் ஏறக்குறைய 0.1 மில்லிசீவர்ட் (கதிரை அளக்கும் அலகு), சும்மா இருக்கும்போதே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சுமார் 10 நாளில் நமக்குக் கிடைக்கும் அளவு. ஆனாலும் வயிற்றில் பிள்ளை இருக்கிறதென்றால், வெறும் சந்தேகம் என்றாலும்கூட, வெட்கப்படாமல் முதலே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அலமாரிக்கு மேலே தூசு படிந்து கிடக்கும் பழைய படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள், எது புதிய நிழல் எது பழைய தழும்பு என்று டொக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.