குட்டிப் பற்றரியைக் குடித்தது யார்?

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்த அன்று, பெற்றோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற என் ஹைபிரிட் காரில் பெற்றோல் இரண்டு கோடுதான் காட்டியது. சரி, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டுப் போர்ச்சில் நிறுத்திவிட்டுச் சைக்கிளுக்கு மாறினேன். 18 நாள் கழித்து மாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்து சாவியை அமத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்து எடுத்துக் கதவைத் திறந்து பவர் பொத்தானை அமத்தியதும் டாஷ்போர்டில் இருக்கிற எல்லா எச்சரிக்கை விளக்கும் நல்லூர்த் திருவிழா மாதிரி ஒருதரம் எரிந்து, டக் டக் டக் என்று உள்ளே ஏதோ துடித்து, அப்படியே அணைந்தது.

பக்கத்து வீட்டு அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, பெரிய பற்றரி போட்டுது போல கிடக்கு" என்றார். அந்த ஒரு வசனத்திலேயே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. டொலர் 360 ரூபாயைத் தொட்டிருந்த நேரம் அது. ஹைபிரிட் பற்றரிக்குக் காசு தேடுவதென்றால் காரையே விற்றுத்தான் தேட வேண்டும்.

போனது பெரியது இல்லை. ஜப்பானிலிருந்து பாவித்த காராக வந்த 2013 ஆம் ஆண்டு வண்டி அது, பின் சீட்டுக்குக் கீழே பெரிய பற்றரியும் இருக்கிறது, அதன் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பற்றரியைவிடக் கொஞ்சம் பெரிதாக 12 வோல்ட் குட்டி ஒன்றும் இருக்கிறது. என்ஜினைச் சுழற்றுவது குட்டியின் வேலை இல்லை, அதைப் பெரிய பற்றரியும் மோட்டாரும் பார்த்துக்கொள்ளும். குட்டி செய்வது கம்பியூட்டர்களை எழுப்பி, பெரிய பற்றரியை வண்டியோடு இணைக்கிற ரிலே என்ற மின் சுவிச்சை மூடுவது மட்டும்தான். ஆனால் அந்த ரிலே மூடாவிட்டால் பெரிய பற்றரி நிறைந்து வழிந்தாலும் கார் ஒரு இரும்புப் பெட்டிதான். நான் கேட்ட டக் டக், ரிலேக்கள் மூட முடியாமல் சோர்ந்த சத்தம்.

வீட்டில் மின்வெட்டுக்கு லைட் எரிக்க வைத்திருந்த 7 அம்பியர்-மணி யூபிஎஸ் பற்றரி ஒன்று இருந்தது. பொனட்டுக்குக் கீழ் பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும், அதில் பிளஸ், என்ஜின் பக்கத்து வெறும் இரும்பில் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் பெரிய பியூஸும் அதற்கு மேலும் போகும், அதனால் வயரை நாலுதரம் பார்த்துத்தான் கொழுவினேன். இரண்டாம் முயற்சியில், கார் ஓடத் தயார் என்று காட்டுகிற ரெடி விளக்கு வந்தது. மாமி பின்சீட்டில் இருந்துகொண்டு "இந்தச் சின்னன் பெட்டியாலேயோ?" என்று கேட்டா.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் என்று ஆனதும் பெற்றோல் வரிசையில் நின்றேன். மூன்று மணித்தியாலம். பெற்றோலை மிச்சம் பிடிக்கிற புத்தியில் காரை அணைத்துவிட்டு, பவர் பொத்தானை பிரேக் மிதிக்காமல் ஒருதரம் தட்டி ரேடியோவை மட்டும் ஓடவிட்டுப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வரிசை அசைந்தபோது கார் அசையவில்லை. பின்னால் ஹோர்ன். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி ஒன்றும் பேசாமல் இறங்கி வந்து, தன் ஓட்டோ பற்றரியிலிருந்து இரண்டு வயரை இழுத்துக் கொடுத்துக் கிளப்பிவிட்டார். மற்றக் கார்களில் என்ஜின் சுழலப் பற்றரிக்கு ஊட்டுகிற அல்டர்நேட்டர் இந்த ஹைபிரிட்டில் கிடையாது. ரெடியில் இருக்கும்போது மட்டும்தான் பெரிய பற்றரியிலிருந்து ஒரு கன்வேர்ட்டர் குட்டிக்கு 14 வோல்ட் அளவில் ஊட்டும். ரெடி இல்லாமல் ரேடியோ கேட்டால் குட்டியைத்தான் தின்கிறோம். ரெடியில் விட்டிருந்தால் என்ஜின் இடைக்கிடை ஓடி அணைந்திருக்கும், கொஞ்சம் பெற்றோல் போயிருக்கும், மானம் போயிருக்காது.

இனிப் புதிதுதான் என்று கடைக்குப் போனேன். எஸ்34பி20ஆர் என்று பழையதில் அளவுக் குறியீடு எழுதியிருந்தது. கடைக்காரர் பாதி விலைக்கு அதே அளவில் சாதாரண அசிட் பற்றரி ஒன்றைக் காட்டினார். நல்ல வேளை எடுக்கவில்லை. இது ஆட்கள் இருக்கிற கூட்டுக்குள்ளே சீட்டுக்குக் கீழ் இருக்கிற பற்றரி, வாயு வெளியே போக ஒரு மெல்லிய குழாய் கொழுவ வேண்டும், அதற்கு வழி இல்லாத பற்றரியை அங்கே வைக்கக்கூடாது. காசைக் கொட்டி, அசிட்டைக் கண்ணாடி நார்ப் பாய் உறிஞ்சி வைத்திருக்கிற ஏஜிஎம் வகை ஒன்றே வாங்கினேன். வாங்கி எட்டு நாள், அதில் ஐந்து நாள் கார் அசையவே இல்லை. ஒன்பதாம் நாள் காலை மீட்டரை வைத்தால் 11.9 வோல்ட். முழுதாய் இருந்தால் 12.7க்குக் குறையக்கூடாது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிய திட்டு இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம்தான் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்யவில்லை என்று விளங்கியது. கார் தூங்கும்போது யாரோ குடிக்கிறார்கள், எவ்வளவு என்று அளக்க வேண்டும். பற்றரியை மின்வெட்டுக்கு மின்வெட்டு இடையில் சின்னச் சார்ஜரில் போட்டு நிரப்ப இரண்டு நாள் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டைக் கழற்றி, பின் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டை மட்டும் ஸ்குரூடிரைவரால் தள்ளி மூடினேன், கதவு மூடியிருக்கிறது என்று கார் நம்ப வேண்டுமே. சாவி கிட்ட இருந்தால் காரை எழுப்பிவிடலாம் என்று அதைக் கொண்டுபோய்க் குசினிக்குள் வைத்தேன். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்தில் மாற்றிக் குத்திவிட்டு மைனஸ் வயரைக் கழற்றி இடையில் மீட்டரை விட்டேன். அந்தத் துவாரத்தை மாற்ற மறந்து ஏற்கனவே ஒரு மீட்டர் பியூஸை எரித்தவன் நான். பற்றரியைத் தொட்டவுடன் பார்த்தால் அம்பியர் கணக்கில் காட்டும், பயப்படக்கூடாது, கம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாய்த் தூங்க அரை மணித்தியாலம் எடுக்கும். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். 0.27 அம்பியர். நாற்பது நிமிடத்துக்குப் பிறகும் 0.27.

0.05க்குக் கீழே இருக்க வேண்டியது. ஏறக்குறைய 30 அம்பியர்-மணி கொள்ளும் பற்றரியை 0.27 நாலரை நாளில் வெறுமையாக்கும். தினமும் வேலைக்கு ஓடிய காலத்தில் இரவில் குடித்ததைப் பகலில் கார் ஊட்டிவிடும், ஆகவே எத்தனை வருடமாய்க் குடிக்கிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறது. பெற்றோல் இல்லாமல் போனதால்தான் பிடிபட்டது.

முதல் சந்தேகம் ஜப்பான் அதிவேகப் பாதைக்குக் காசு கட்டும் ஈடிசி பெட்டி மேல். ஒவ்வொரு காலையும் ஒரு பெண் குரலில் அட்டை போடவில்லை என்று ஜப்பானியத்தில் முறையிடும், ஒன்பது வருடமாய் யாழ்ப்பாணத்தில் எந்த அட்டையைப் போடுவது. கழற்றி எறிந்தேன். 0.27. பாவம், அது சாவி போட்டால் மட்டும் விழிக்கிற சாதனம். பிறகு பியூஸ்களைக் கழற்றாமல், ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கிற இரண்டு புள்ளியிலும் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டு போனேன், மின்சாரம் ஓடுகிற பியூஸில்தான் இலக்கம் காட்டும். கழற்றிப் போட்டால் தூங்கினது திரும்ப எழும்பிவிடும். எல்லாம் பூச்சியம், உள்விளக்கு பியூஸில் மட்டும் இலக்கம் ஏறியது. அதைப் பிடுங்கினதும் 0.03.

ஆனால் உள்விளக்கு எரியவில்லையே. குனிந்து பார்த்தால் அந்தப் பியூஸின் மேல் இன்னொரு பியூஸ் சவாரி, அதிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு வயர் முன் கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஏறி மேலே போகிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த டாஷ் கமரா. 2018இல் பூட்டினது, 2021இல் திரை செத்துப்போனதும் கமராவே செத்துவிட்டது என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். பூட்டியவர் நிறுத்தி வைக்கும்போதும் பதிவாகட்டும் என்று எப்போதும் மின்சாரம் வருகிற இடத்தில் கொழுவியிருக்கிறார், பற்றரி இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் சின்னப் பெட்டியைப் பூட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

வயரைப் பிடுங்கிய பிறகு இரண்டு வாரம் காரைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன், 12.5. இப்போது ஓடாத வாரமென்றால் போர்ச்சுக்கு வெளியே எடுத்து ரெடியில் ஒரு மணித்தியாலம் விடுகிறேன், புகை வீட்டுக்குள் வராமல். முன்பு கதவோரமாய்த் தொங்கிய சாவிக்கும் உள் அறைதான் இடம்.

கமராவின் மெமரி கார்டைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். திகதி எல்லாம் தப்பு, பற்றரி இறங்க இறங்க மணிக்கூடு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. மணிக்கணக்காய் எங்கள் போர்ச்சுச் சுவர். ஒரு இடத்தில் பக்கத்து வீட்டுப் பூனை பொனட்டில் ஏறிப் படுக்கிறது. கடைசித் துண்டில் சாரத்தோடு நான் வந்து பொனட்டைத் தூக்குகிறேன், அத்தோடு படம் மறைகிறது. என் குரல் மட்டும் கேட்கிறது, கடைக்காரரைத் திட்டிக்கொண்டு.