எலக்ட்ரோஃபோரசிஸ் நார்மல் என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள்

அப்பாவுக்கு ஏஎல் அமிலாய்டோசிஸ் (கோளாறான புரதம் இதயம் போன்ற உறுப்புகளில் படியும் நோய்) என்று உறுதியாகி, சிகிச்சை தொடங்கிவிட்டது. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் பட்ட அலைச்சலை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. இதே சந்தேகத்தோடு யாராவது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க்கொண்டிருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

கால் வீக்கம், மூச்சு வாங்குதல். எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது. ரத்தக் கொதிப்பால் வந்தது என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்பாவுக்கோ பிரஷர் இறங்கிக்கொண்டே வந்தது, எழுந்து நின்றாலே தலை சுற்றியது. அடுத்துப் பார்த்த இதய மருத்துவர்தான் ஈசிஜியையும் எக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொதிப்பால் சுவர் தடித்திருந்தால் ஈசிஜி அலைகள் பொதுவாக உயரமாக இருக்கும். அப்பாவுக்குக் குட்டையாக இருந்தன. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் கோளாறான புரதத்தை உண்டாக்கி, அது இதயத் தசையில் படிகிறதோ என்று சந்தேகப்பட்டு, ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் (அந்தப் புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை), ரத்தத்திலும் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்ஸேஷன் (அந்தப் புரதம் கொஞ்சமாக இருந்தாலும் அடையாளம் காணும் சோதனை) என்று எழுதினார்.

தப்பு நடந்தது பில்லிங் கவுன்டரில். ஃப்ரீ லைட் செயின் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லையாம். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் பதிலாகப் புரத எலக்ட்ரோஃபோரசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை) மட்டும் போட்டுவிட்டார்கள். எம் பேண்ட் (கோளாறான புரதத்தைக் காட்டும் கோடு) இல்லை, நார்மல் என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். டாக்டர் பார்த்ததும், "நான் எழுதினது இது இல்லையே" என்றார். இந்த நோயில் கெட்ட புரதம் கொஞ்சமாகவே இருக்கலாம், எலக்ட்ரோஃபோரசிஸில் தெரியாமலே போகலாம், ஆனால் அந்தக் கொஞ்சமே இதயத்தைக் கெடுத்துவிடும் என்று விளக்கினார். மறுபடி ரத்தம், மறுபடி காத்திருப்பு. கப்பா, லாம்ப்டா என்று லைட் செயினில் இரண்டு வகை; அவற்றின் விகிதம் வழக்கமாக 0.26 முதல் 1.65 வரை இருக்கவேண்டும். அப்பாவுக்கு லாம்ப்டா எகிறி, விகிதம் அதற்கு வெகு கீழே கிடந்தது. சிறுநீரகம் பழுதானாலும் இந்த விகிதம் மாறும், அதனால் கிரியாட்டினினையும் கூடவே பார்த்தார்.

இடையில் ஒருவர் பிஒய்பி ஸ்கேன் (ஏடிடிஆர் என்ற இன்னொரு வகை அமிலாய்டோசிஸைக் கண்டுபிடிக்க எடுக்கும் இதய ஸ்கேன்) மட்டும் எடுத்தால் போதும் என்றார். அதை நம்பாதீர்கள். ஏஎல் வகையிலும் அந்த ஸ்கேன் பாசிட்டிவாக வரலாம். ரத்த, சிறுநீர்ச் சோதனைகளில் லைட் செயின் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதற்கு மதிப்பு.

மஜ்ஜை பயாப்ஸி, வயிற்றுக் கொழுப்பு பயாப்ஸி இரண்டும் சிரமமில்லாமல் முடிந்தன. காங்கோ ரெட் சாயத்தில் அமிலாய்டு தெரிந்தது. ஆனால் எந்த வகை என்று உறுதிசெய்ய பாரஃபின் பிளாக்கை, அதாவது பயாப்ஸித் திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டியை, வேறு லேபுக்கு அனுப்பவேண்டும். நோயாளியே நேரில் வந்து கையெழுத்துப் போடணும் என்று பாதாலஜி கவுன்டரில் பிடிவாதம் பிடித்தார்கள். அப்பாவால் படியேறவே முடியாது. கடைசியில் டாக்டரிடம் கடிதம், அப்பாவின் கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் கொண்டுபோய் வைத்து வாங்கினேன். பயாப்ஸி எண்ணை நான் முன்பே குறித்து வைத்திருந்ததால் தேடவேண்டியிருக்கவில்லை. அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வாங்கியபோது அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் போனால், ரத்தம் எடுப்பதற்கு முன்பே பில்லில் இருக்கும் சோதனைப் பெயரை டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது எம்ஜியூஎஸ் (அறிகுறி இல்லாமலே ரத்தத்தில் இந்த மாதிரிப் புரதம் இருப்பது) என்று ஏற்கெனவே சொல்லியிருந்து, இப்போது மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ, வயசுக் கோளாறு என்று விடாமல் என்டி-புரோபிஎன்பி என்ற இதயத்துக்கான ரத்தச் சோதனையும் எக்கோவும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.