டர்போ போகவில்லை, ஸ்டட்தான் போயிருந்தது

காலையில் வண்டியைக் கிளப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். பாளையங்கோட்டையிலிருந்து புறப்பட்டு நெல்லை ஈரடுக்குப் பாலம் ஏறுவதற்குள் சத்தம் நின்றுவிடும். வயதான டீசல் வண்டி, முனகத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். பாபநாசத்திலிருந்து காரையாருக்கு மலைப்பாதையில் ஏறும்போதுதான் உறைத்தது. எப்போதும் மூன்றாவது கியரில் ஏறும் வளைவில் வண்டி இரண்டாவது கேட்டது. ஏசி போட்டால் உள்ளே லேசாகப் புகை நெடி வேறு.

வண்டியைக் காட்டிய இடத்தில், பானெட்டைக்கூடச் சரியாகத் திறக்காமல், "டர்போ போச்சு, 35,000 ஆகும்" என்றார்கள். டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டேன். "சூடானா சத்தம் நிக்குதா தம்பி? அப்பம் டர்போ இல்ல, கேஸ்கெட்டப் பாருங்க" என்றார். இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் கேஸ்கெட். யோசித்தால் சரிதான். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபடுகிறது, சத்தம் நிற்கிறது. டர்போவுக்குப் பிறகு கசிந்தால் சத்தமும் நெடியும்தான், இழுவை பெரிதாகக் குறையாது. இழுவையும் குறைகிறது என்றால் டர்போவுக்குள் இருக்கும் டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய புகை அதற்கு முன்பே வெளியேறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் ஆறியபின், வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் சைலன்சர் வாயில் சொருகினேன். இன்ஜின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை அடித்தேன். நான்காவது சிலிண்டர் ஓரத்தில் சீயக்காய் நுரை மாதிரி பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதே இடத்தில் மை தீற்றியதுபோல் கரிக்கோடு. அங்கே இருக்க வேண்டிய நட்டைக் காணோம். அந்த நட்டு ஏறும் தலையில்லாத போல்ட், அதாவது ஸ்டட், பாதியில் முறிந்திருந்தது. முன்பு யாரோ கைபலத்துக்கு முறுக்கியிருக்கிறார்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் பழுதுபார்க்கும் முறை சொல்லும் புத்தகம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். இதற்கே மூன்று வாரம் போனது. வண்டியோடு வருகிற புத்தகத்தில் டயர் மாற்றுவது எப்படி என்று இருக்கும், கேஸ்கெட் மாற்றுவது இருக்காது. 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அந்தச் செய்தியைத் தேடிப் பிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது, புத்தகத்தைப் பிடிப்பதுதான் பாடாக இருந்தது.

வழி கிடைத்தது இன்ஜினை வைத்து. என் வண்டியில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. ஒரு காலத்தில் மாருதியும் டாடாவும் ஃபியட்டும் ஆளுக்கொரு பெயரில் இதையே போட்டு விற்றார்கள். ஐரோப்பாவில் ஓப்பல் நிறுவனத்தின் கோர்சா டீசல் காரிலும் இதே இன்ஜின்தான் இருந்தது. கார் பெயரைப் போட்டுத் தேடுவதை நிறுத்திவிட்டு இன்ஜினைப் போட்டுத் தேடியதும் கதவு திறந்தது. ஐரோப்பாவில் சட்டப்படி இந்த விவரங்களை வெளியாருக்கும் தந்தாக வேண்டும், மணிக்கணக்கிலோ நாள் கணக்கிலோ காசு கட்டிப் படிக்கலாம். நான் வாங்கியது ஹெய்ன்ஸ் என்ற பழுதுபார்க்கும் புத்தக வரிசையில் கோர்சாவுக்கான பழைய பிரதி. வண்டியை முழுக்கப் பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதிய வரிசை அது. வயரிங், பாடி பக்கங்கள் நமக்கு உதவாது. இன்ஜின் பக்கங்கள் போதும்.

அப்புறம் வேலை. பேட்டரியைக் கழற்றி, சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டை எடுத்தேன். நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்திருந்தேன். அப்படியும் ஒன்று அசையவில்லை. அண்ணாச்சி கேஸ் டார்ச்சால் சூடாக்கி, ஒரு மெழுகுவர்த்தியை அதன்மேல் வைத்தார். மெழுகு உருகி மரைக்குள் சுர்ரென்று இறங்கியது. அடுத்த நிமிடம் நட்டு வெண்ணெய் மாதிரி வந்தது. முறிந்த ஸ்டட்டுக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. பேட்டையிலிருந்து லேத்காரர் வந்து, வெளியே நீட்டிய துண்டின்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தார். அந்தக் கால் மணி நேரம் எனக்கு மூச்சு சீராக இல்லை. ஸ்டட் ஏறியிருக்கும் ஹெட், அதாவது இன்ஜினின் மேல்பாகம், அலுமினியம், மரை போனால் செலவு எங்கேயோ போய்விடும்.

டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றியதும் ஓட்டைகளில் துணி அடைத்தேன். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அந்த 35,000 நிஜமாகவே ஆகிவிடும். மேனிஃபோல்டின் இணைப்பு முகமான ஃபிளாஞ்சின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், வளைவு இல்லை. புது கேஸ்கெட், புது ஸ்டட், புது நட்டு. முறுக்குவதை நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். எட்டு எம்எம் ஸ்டட்டுக்கு முறுக்கு விசை 20-25 நியூட்டன் மீட்டர்தான். முறுக்கு அளவை எட்டியதும் சொல்லும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் "இவ்ளோதானா?" என்றார் அண்ணாச்சி. இன்னும் கால் சுற்று வைக்கச் சொல்லி அவர் கை பரபரத்தது. நான் விடவில்லை. கசிவடைக்கும் பேஸ்ட் தடவலாம் என்றதற்கும் மறுத்துவிட்டேன். டர்போவுக்கு முன்னால் அது பெயர்ந்து உதிர்ந்தால் டர்பைன் இறக்கையில்தான் போய் அடிக்கும்.

டர்போவின் ஆயில் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பைப்புக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, ஸ்டார்ட் ஆகாமல் சில விநாடி சுற்றவிட்டபின்தான் கிளப்பினேன். டிக் டிக் இல்லை. மறு ஞாயிறு காரையார் வளைவை மூன்றாவது கியரிலேயே ஏறியது.

இப்போது 1,800 ஆர்பிஎம்மில் மட்டும் ஒரு தகரச் சத்தம். ஹீட் ஷீல்டின் ஒரு போல்ட்டுக்கு மரை இல்லை. இந்த வாரம் அதைப் பார்க்க வேண்டும்.